அந்த முகவரியில் யார் குடியிருக்கிறார்?

போன மாதம் மீனா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்தவள் அவள். கோயம்புத்தூர்ப் பெண். குடியிருப்பது ஹ்விடோவ்ரேயில், வாரத்தில் சில நாட்கள் கோல்டிங்கில் உள்ள எங்கள் நிறுவனத்துக்கு ரயிலில் வந்து போகிறாள். நிறுவனத் தலைவரையே பெயர் சொல்லிக் கூப்பிடும் இந்த டென்மார்க் நாட்டில் என்னை 'சார்' என்று கூப்பிடும் ஒரே பிறவி அவள்தான். எவ்வளவு சொல்லியும் விடமாட்டாள்.

"சார், ஒரு நியூஸ். புது போர்டுல அட்ரஸ் ரேஞ்ச் எதையும் நாம கையால எழுத வேண்டாம். ஒவ்வொரு கார்டும் தனக்கு எவ்வளவு இடம் வேணும்னு அதுவே சொல்லிடுது. கேர்னல் கேட்டு ஒதுக்கிக்குது. நீங்க எழுதின டேபிளை எல்லாம் தூக்கியாச்சு."

"நல்லது பிள்ளை. அது சொல்லுறது சரியோ எண்டு ஆர் பாக்கிறது?"

"அதுக்குத்தான் சார் கூப்பிட்டேன். அந்த முதியோர் இல்லத்து விஷயத்தை நீங்க எழுதிக் கொடுக்கணும். டேனிஷ்ல ஒரு டாக்குமென்ட் இருக்கு. அதை யாரும் படிக்கறதில்லை."

தமிழில் எழுதினால் மட்டும் படிப்பார்களா என்று கேட்டேன். தான் ஒருத்தி படிப்பதாக உறுதி சொன்னாள். நிச்சயமாக ஒரு வாசகர் உண்டென்றால் எழுதலாம். பல எழுத்தாளர்களுக்கு அதுவும் இல்லை.

மீனாவுக்குத் தெரிந்ததையே மற்றவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். ஒரு கணினியின் செயலிக்குத் தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்று தெரியாது. அதற்குத் தெரிந்தவை எண்கள். இந்த எண்ணில் இதை எழுது என்றால் எழுதிவிடும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது நினைவகமா, விளக்கா, கதவுப் பூட்டா என்று விசாரிக்காது. செயலியையும் அதோடு சேர்ந்த மின்சுற்று அட்டைகளையும் இணைக்கும் பொதுப்பாதைக்குப் பஸ் என்று பெயர். அந்தப் பாதையில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை எந்த அட்டைக்குச் சொந்தம் என்று ஒரு அட்டவணை எழுதி, இயங்குதளத்தின் மையமான கேர்னலிடம் கொடுக்க வேண்டும். கேர்னல் அதைப் படித்து அட்டைக்கு அட்டை எல்லை வகுக்கும். அந்த அட்டவணையை எழுதுவதும் சரிபார்ப்பதும்தான் என் வேலையின் பெரும்பகுதி. வேலியை அரை முழம் தள்ளிப் போட்டதற்காகப் பேரப்பிள்ளை காலம் வரை வழக்காடும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடைத்திருக்காது.

அந்த உத்தியோகத்துக்கு வந்து சேர்ந்த கதை நீளமானதல்ல. எண்பதுகளில் அகதியாக வந்தேன். மொழிப் பள்ளி, பிறகு ஒரு மீன் தொழிற்சாலையில் குளிரோடு மல்லுக்கட்டல், பிறகு பகுதி நேரமாகப் பொறியியல் படிப்பு. ஊரில் பாதியில் விட்ட கணிதம் அங்கே கைகொடுத்தது. படிப்பு முடிந்ததும் விண்ணப்பித்த இடங்களில் பதில் போட்டது இந்த நிறுவனம் மட்டுமே. வேலையிலிருந்து விலகும் வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

நிறுவனம் செய்தது முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கான அழைப்பு மணி. கட்டிலருகே ஒரு கயிறு தொங்கும். முதியவர் இழுத்தால், பணியிலிருக்கும் பராமரிப்பாளரின் கைக்கருவியில் அறை எண் விழும். அவர் கருவியின் பொத்தானை அமத்திப் பிடித்து 'நான் போகிறேன்' என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றதும் மணி ஓயும், அறை வாசலில் உள்ள விளக்கு அணையும், யார் ஏற்றார் என்பது பதிவாகும். இதையெல்லாம் நடத்தும் பெட்டி இல்லத்தின் நிலவறையில் இருக்கும். அதற்குள் ஒரு செயலியும், கட்டடத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு அட்டையும் இருக்கும். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் இரவில் தனியே கிடக்கும் ஒருவருக்கு உலகத்தோடு இருக்கும் தொடர்பு அது ஒன்றுதான்.

எங்கள் குழுவுக்குத் தலைவி கிறேத. உயரமான பெண்மணி, கோடையிலும் கம்பளிச் சட்டை. அதட்டமாட்டார், பாராட்டவும் மாட்டார். கட்டளை என்று ஒன்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கேள்விதான் கேட்பார், அதுவும் பெரும்பாலும் ஒரே கேள்வி. அட்டவணையின் எந்த வரியைக் காட்டினாலும், அந்த எண்களில் விரலை வைத்து, "இங்கே யார் குடியிருக்கிறார்?" என்பார். "ஒருவரும் இல்லை" என்று பதில் சொன்னால், "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்பார். சேர்ந்த புதிதில், மனிதருக்கு ஏதோ கோளாறு என்றே நினைத்தேன்.

அவருடைய சரிபார்க்கும் முறை பின்வருமாறு. இருவர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் கையில் வன்பொருளின் கையேடு, மற்றவர் முன்னால் கேர்னலின் அட்டவணை. ஒருவர் வைத்திருப்பது மற்றவர் கண்ணில் படக்கூடாது. கையேட்டுக்காரர் அட்டையின் பெயரைச் சொல்லி, அதன் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் உரக்க வாசிப்பார். அட்டவணையில் கடைசி எண் இருக்காது. தொடக்கமும் நீளமும்தான் இருக்கும். ஆகவே மற்றவர் அதைக் கூட்டிக் கடைசி எண்ணைக் கண்டுபிடித்துத் தன் வாயால் சொல்ல வேண்டும். 'ஓம், சரி' என்று தலையாட்டுவது செல்லாது. இரண்டும் ஒத்துப் போனால், அடுத்த எண்ணில் யார் குடியிருக்கிறார் என்ற கேள்வி. அந்த வரியை எழுதியவர் அன்றைக்கு அறைக்குள்ளேயே வரக்கூடாது. எழுதியவரின் கண் தான் எழுத நினைத்ததைத்தான் வாசிக்கும் என்பது கிறேதவின் கட்சி.

இந்த முறை எங்களுக்கு அலுப்பாக இருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. யென்ஸ் என்ற சக ஊழியன் இதைப் 'பூசை' என்பான். அவனே ஒருமுறை அந்தப் பூசையைத் தவிர்க்கப் பார்த்து, நீளம் எழுத வேண்டிய இடத்தில் கடைசி எண்ணை எழுதிவிட்டான். ஒரு சின்ன அட்டைக்குப் பெட்டியில் இருந்த மொத்த இடமும் சொந்தமாகிவிட்டது. பெட்டி உயிர் பெற மறுத்தது. மின்சாரத்தில் குறையா, கம்பியில் குறையா என்று கருவியும் கையுமாக நாள்கணக்கில் தேடினான். கிறேத வந்து ஒரு வரியில் விரலை வைத்தார். யென்ஸ் கோட்டை மாட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போனான்.

ஏன் பேக்கரிக்கு என்று வெளிநாட்டு வாசகர் கேட்பார். இந்த நாட்டு வேலைத்தலங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிழை விட்டவர் மற்றவர்களுக்குக் கேக் வாங்கி வர வேண்டும். எழுதி வைத்த சட்டமல்ல. ஆனால் சட்டத்தைவிட ஒழுங்காக நடக்கும். யாரும் குற்றம் சாட்டுவதில்லை, யாரும் மன்னிப்புக் கேட்பதுமில்லை. மேசையில் கேக் இருக்கும். யார் கொண்டு வந்தது என்று பார்த்தால் போதும், விஷயம் விளங்கிவிடும். தின்று முடித்தால் கணக்குத் தீர்ந்தது. அதைப் பற்றி மறுபடி பேசுவது அநாகரிகம். நானும் என் பங்குக்குக் கொண்டு போயிருக்கிறேன். ஒருமுறை மனைவி சுட்ட உழுந்து வடை கொண்டு போனேன். வடை கேக்காகுமா என்று கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. பிழைக்கு ஏற்ற காரம் இருப்பதால் செல்லும் என்று யென்ஸ் தீர்ப்புச் சொன்னான்.

நான் அங்கே இருந்த காலம் முழுவதிலும் கேக் கொண்டு வராத ஒரே ஆள் கிறேத.

இனி மீனா கேட்ட விஷயம். நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஒருநாள் மாலை வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மனைவி வதனி சொன்னாள்:

"இஞ்சருங்கோ, ராஜியை வேலையால நிப்பாட்டப் போயினமாம்."

ராஜி வதனியின் சிநேகிதி. தமிழ்ப் பள்ளி விழா என்றால் இருவரும்தான் சமையல். பதினெட்டு வயதில் இங்கு வந்து, படித்து, பராமரிப்பாளராகி, கோல்டிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் நீண்ட காலமாக வேலை செய்பவள். அங்கிருக்கும் முதியவர்களை அவள் டேனிஷ் வழக்கப்படி பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், வீட்டில் பேசும்போது எல்லோரும் அவளுக்கு 'அம்மா', 'ஐயா'தான்.

"என்னவாம்?" என்றேன்.

"எல்ஸ எண்டு ஒரு கிழவி. மணி அடிச்சிருக்கிறா. ராஜி அதை அமத்திப்போட்டுப் போகாமல் இருந்திட்டாளாம். மனுசி தானாய் எழும்பப் போய் விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. கன நேரம் நிலத்தில கிடந்திருக்கிறா. ராஜி அப்பிடிச் செய்யிற ஆளே?"

"மணி எந்தக் கொம்பனியின்ர?"

வதனி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்கட கொம்பனியின்ரதான்."

கழற்றின சப்பாத்தை மறுபடி போட்டுக்கொண்டேன்.

ராஜியின் வீட்டுக் கதவை மகள் திறந்தாள். அம்மா சாப்பிடுகிறாள் இல்லை என்று டேனிஷில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ராஜி குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்தாள். அழுது முடித்த முகம்.

"அண்ணை, நான் ஆஸ்பத்திரிக்குப் போனனான். எல்ஸ அம்மாவுக்கு சூப் கொண்டு போய்க் குடுத்து, மகளிட்டையும் மன்னிப்புக் கேட்டனான்."

"ஏன் மன்னிப்புக் கேட்டனீ?"

"முறிஞ்சு கிடக்கிற மனுசிக்கு முன்னால நிண்டு மன்னிப்புக் கேக்காமல் வேற என்ன கேக்கிறது?"

விழுந்தது யாரால் என்ற விசாரணை ஒரு பக்கம் இருக்க, நம் பொறுப்பில் இருந்தவர் விழுந்தால் முதலில் போய் மன்னிப்புக் கேட்பது எங்கள் ஆட்களுக்கு இயல்பு. அது பண்பு என்று நினைத்துச் செய்வோம். இங்கே அது ஒப்புதல் வாக்குமூலம். மகள் அதை இல்லத்தின் பொறுப்பாளரிடம் சொன்னாள். பொறுப்பாளர் அதை எழுதிக்கொண்டார். கொம்யூன, அதாவது நகரசபை, ராஜியை ஒழுங்கு விசாரணைக்கு அழைத்துவிட்டது. வேலை போவதோடு முடியாது. பராமரிப்பாளராக வேலை செய்யும் அனுமதியே போகக்கூடும் என்று தொழிற்சங்கப் பிரதிநிதி எச்சரித்திருந்தார்.

"நீ அமத்தினியோ?" என்று கேட்டேன்.

"ஞாபகம் இல்லை அண்ணை."

"எப்பிடி ஞாபகம் இல்லாமல் போகும்?"

"அண்டைக்கு ரெண்டு பக்கமும் நான் ஒருத்திதான். நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்திட்டன். அமத்தின ஞாபகம் இல்லை. ஆனா அதில எழுதியிருக்கெல்லோ? மெசின் பொய் சொல்லுமே? நான்தான் அமத்தியிருப்பன். என்ர கைதான் அமத்தியிருக்கும். இப்ப எனக்கு என்ர கையிலையே பயமாக் கிடக்கு அண்ணை."

எனக்குக் கோபம் வந்தது. முதலில் ராஜியின் மீதுதான் வந்தது. இத்தனை வருடம் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஒரு பெட்டி எழுதியதை நம்புகிறாளே என்று. பிறகுதான் உறைத்தது, அந்தப் பெட்டியை எல்லோரும் நம்பும்படி செய்து கொடுத்ததற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"அந்த நேரம் நீ எங்கை நிண்டனீ?"

"கிழக்குப் பக்கம், ரெண்டாம் அறையில. அந்த ஐயாவும் மணி அடிச்சவர். ஓடிப் போய் உடுப்பு மாத்திவிட்டனான்."

"எல்ஸ அம்மா?"

"மேற்குப் பக்கம்."

"எத்தினையாம் அறை?"

"ரெண்டு."

விசாரணைக்காக அவளுக்குக் கொடுத்திருந்த பதிவின் நகலைப் பார்த்தேன். கிழக்கு இரண்டாம் அறையின் அழைப்பும் மேற்கு இரண்டாம் அறையின் அழைப்பும் ஒரே விநாடியில் ஏற்கப்பட்டிருந்தன. எங்கள் கைக்கருவியில் அப்படிச் செய்யவே முடியாது. ஒரு அழைப்பை ஏற்கப் பொத்தானை அமத்திப் பிடித்து விட வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த அழைப்பு திரையில் வரும். மனிதக் கையால் இரண்டையும் ஒரே விநாடியில் ஏற்க வழியில்லை. பொறுப்பாளர் இந்த இரு வரிகளையும் வைத்துத்தான், அவள் இரண்டு மணியையும் ஓய வைத்துவிட்டு ஒரு அறைக்கு மட்டும் போனாள் என்று முடிவு கட்டியிருந்தார். பதிவு சரியா என்று எங்கள் நிறுவனத்தைக் கேட்டதற்கு, சரி என்று எங்கள் சேவைப் பிரிவே பதில் அனுப்பியிருந்தது.

ராஜியிடம் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. உறுதியாகத் தெரியாமல் நம்பிக்கை கொடுப்பது பாவம். "சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை கிறேதவிடம் போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தப் பெண்ணை உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும். எங்கள் வீட்டுக்கு வருபவள்."

"அப்படியானால் நீ அட்டவணையைத் தொடக்கூடாது. நீ கையேட்டை வைத்துக்கொள். அட்டவணையை நான் வாசிக்கிறேன்."

நான் வேண்டியவளுக்காக எண்களை வளைத்துவிட்டேன் என்று நாளைக்கு எவரும் சொல்லக்கூடாது என்பது அவர் எண்ணம். எதிரெதிரே உட்கார்ந்தோம். மேற்குப் பக்க அட்டையிலிருந்து தொடங்கினோம். நான் பெயரைச் சொல்லி, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் வாசித்தேன். அவர் திரையைப் பார்த்துக் கூட்டினார். மறுபடி கூட்டினார்.

"இன்னொரு தடவை வாசி."

வாசித்தேன்.

அவர் சொன்ன கடைசி எண் என் கையேட்டில் இருந்ததைவிட மிகவும் தள்ளி இருந்தது. மேற்குப் பக்க அட்டைக்கு இரண்டு மடங்கு இடம் எழுதப்பட்டிருந்தது. "அடுத்த எண்ணில் யார் குடியிருக்கிறார்?" என்று நான் கேட்க வேண்டிய கேள்வியை அவரே கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். "கிழக்குப் பக்கம். கிழக்கு முழுவதும் மேற்கின் வேலிக்கு உள்ளே இருக்கிறது."

நடந்தது இதுதான். சில வருடங்களுக்கு முன் வெளியிலிருந்து ஒப்பந்தத்துக்கு வந்த ஒருவர், மேற்குப் பக்க அட்டையில் அறைப் பெயர்களுக்காக மேலும் நினைவகம் வரப் போகிறது என்று சொல்லி இடத்தை இரட்டிப்பாக்கியிருந்தார். அந்த நினைவகம் கடைசிவரை வரவில்லை. கேட்ட இடம் மட்டும் நின்றுவிட்டது. அப்போது பெட்டிகளில் இருந்தது ஒரு அட்டைதான். பக்கத்து நிலம் வெறுமை. பின்னர் இல்லங்கள் பெருத்துக் கிழக்குப் பக்கம் கட்டியபோது, இரண்டாவது அட்டை அந்த வெறும் நிலத்தில் குடியேறியது. அதன் வரியை இருவர் முறைப்படி வாசித்தார்கள். அதன் தொடக்கமும் முடிவும் சரி. அடுத்த எண்ணில் எவரும் இல்லை என்பதும் சரி. முந்திய எண்ணில் யார் என்று கேட்பது எங்கள் பூசையில் இல்லை.

கேர்னல் ஏன் எச்சரிக்கவில்லை என்று மீனா கேட்பாள். மென்பொருள்கள் தமக்கு வேண்டிய இடத்தைக் கேட்டு வரும்போது, ஒருவர் இடத்தை மற்றவர் கேட்கிறாரா என்றுதான் அது பார்த்தது. மேற்கின் மென்பொருள் தனக்கு உண்மையில் தேவையான முன்பாதியை மட்டுமே கேட்டது. ஆகவே சண்டை இல்லை. ஆனால் பஸ்ஸில் போட்ட வேலி பெரிய வேலி. கிழக்கு அட்டைக்கு எழுதிய எதையும் மேற்கு அட்டையும் தனக்கு வந்ததாக எடுத்துக்கொண்டது. அழைப்பு வருவது வேறு கம்பியால், அதில் குறையில்லை. 'ஏற்றேன்' என்று எழுதிச் சொல்வதுதான் இந்தப் பாதையால் போனது. மேற்கு அட்டையில் பின்பாதி என்று ஒன்று உண்மையில் இல்லாததால், அங்கே வந்தது அதன் முன்பாதியின் அதே இடத்தில் விழுந்தது. கிழக்கின் இரண்டாம் அறையை ஏற்றால் மேற்கின் இரண்டாம் அறையும் ஏற்கப்படும். அந்த அறையில் மணி அடிக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு பக்கத்திலும் ஒரே எண்ணுள்ள அறையிலிருந்து ஒரே சமயத்தில் மணி அடித்தால்தான் விபரீதம். எல்ஸ அம்மா கயிற்றை இழுத்தது அந்தச் சமயத்தில்.

கிறேத அந்த வரியின் வரலாற்றைத் திரையில் எடுத்தார். எழுதியவர் பெயர் ஒப்பந்தக்காரருடையது. சரிபார்த்தவர்கள் என்று இரண்டு பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெயர். குளிர்கால விடுமுறை தொடங்கிய வெள்ளிக்கிழமை, எல்லோரும் போய்விட்டார்கள், ஒருவரே இரண்டு பக்கத்தையும் வாசித்திருக்கிறார்.

"நான்தான்," என்றார் கிறேத. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

முப்பது பேரை இருவர் இருவராக உட்கார வைத்தவர் ஒருநாள் தனியே உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. உடனே ராஜியின் குசினி ஞாபகத்துக்கு வந்தது. இரக்கத்தை ஒதுக்கி வைத்தேன்.

பகலுணவுக்கு முன்பே சோதனை மேசையில் இரண்டு அட்டைகளையும் பூட்டினோம். கிழக்கிலும் மேற்கிலும் இரண்டாம் அறையின் கயிறுகளை இழுத்தோம். இரண்டு விளக்குகளும் எரிந்தன. யென்ஸ் கைக்கருவியில் கிழக்கை மட்டும் ஏற்றான். இரண்டு விளக்குகளும் அணைந்தன. பதிவில் ஒரே விநாடியில் இரண்டு வரிகள். திருத்திய அட்டவணை அன்றைக்கே எல்லா இல்லங்களுக்கும் போனது. அன்றிலிருந்து பூசையில் இன்னொரு கேள்வியும் சேர்ந்தது: முந்திய எண்ணில் யார் குடியிருக்கிறார்?

மீனா, இதை நீ கவனிக்க வேண்டும். அந்த மேற்கு அட்டை தன்னைப் பற்றித் தானே சொல்லும் அட்டையாக இருந்திருந்தால், வராத நினைவகத்துக்கும் சேர்த்துத்தான் அது இடம் கேட்டிருக்கும். கேட்டதைக் கேர்னல் கொடுத்திருக்கும். கிழக்கைத் தள்ளி வைத்திருக்கும் என்பது உண்மை. இந்த விபத்து நடந்திராது. வேறொன்று நடக்கும். இடம் ஒதுக்குவது யார் என்பது மாறியிருக்கிறது. யார் குடியிருக்கிறார் என்று கேட்பதற்கு இன்னும் ஆள் வேண்டும்.

பிழையைக் கண்டுபிடித்ததோடு ராஜி தப்பிவிட்டாள் என்று நான் நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். நிறுவனத் தலைவர் எங்களை அழைத்து, விசாரணைக்கு அனுப்பப் போகும் விளக்கத்தை வாசித்துக் காட்டினார். 'தொழில்நுட்பக் காரணி ஒன்று பங்களித்திருக்கக்கூடிய வாய்ப்பை முற்றாக நிராகரிக்க முடியாது' என்று இருந்தது. சட்ட ஆலோசகர் எழுதிக் கொடுத்த வசனம். டேனிஷில் இன்னும் அழகாக இருந்தது. ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டுவிட்ட ஒருத்தியை அந்த வசனம் காப்பாற்றாது. 'பெட்டியிலும் ஏதோ குறை இருந்திருக்கலாம், ஆனாலும் நீதான் அமத்தினாய்' என்றே அதை வாசிப்பார்கள். எல்லோரையும்விட ராஜியே அப்படித்தான் வாசிப்பாள்.

"இது போதாது," என்றேன். அந்த அறையில் நான் குரலை உயர்த்திய ஒரே தடவை அதுதான்.

தலைவர் பொறுமையாக விளக்கத் தொடங்கினார். கிறேத குறுக்கிட்டார். "விசாரணைக்கு நான் போகிறேன்," என்றார். அவ்வளவுதான். போய் எந்த வசனத்தைச் சொல்வார் என்று அவர் சொல்லவில்லை. அவரிடம் கேட்கும் துணிவு எனக்கும் இருக்கவில்லை. அவர் ஓய்வு பெற அதிக காலம் இருக்கவில்லை. ஒரு கறையும் இல்லாமல் போகக்கூடியவர். அந்த வசனத்தை வாசித்துவிட்டு வந்திருந்தால் எவரும் அவரைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

விசாரணையன்று எனக்கு வேலை ஓடவில்லை. நிறுவனத்து ஆள் என்பதால் ராஜியோடு துணைக்குப் போகவும் முடியாது. மதியம் கிறேத திரும்பி வந்தார். கம்பளிச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, கறுப்பு ரொட்டியில் மீனை வைத்துச் சாப்பிட்டார். நான் பார்ப்பதைக் கண்டு, "முடிந்தது," என்றார். என்ன முடிந்தது என்று அந்த முகத்தில் வாசிக்க இத்தனை வருடம் பழகியும் என்னால் முடியவில்லை.

மாலையில் ராஜியே வீட்டுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். வதனி தேத்தண்ணி வைக்க எழும்பினாள். ராஜி அவள் கையைப் பிடித்து இருத்திவிட்டாள்.

"சொல்லு பிள்ளை, என்ன நடந்தது?" என்றேன்.

"எல்லாரும் வந்து இருந்திட்டினம் அண்ணை. பொறுப்பாளர், கொம்யூனக்காரர், யூனியன்காரி. கேட்டால் ஓம், நான்தான் எண்டு சொல்லிப்போட்டு வருவம் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். அப்பதான் உங்கட கிறேத உள்ளுக்கு வந்தா. கையில பேக்கரிப் பெட்டி."

"பேக்கரிப் பெட்டியோ?"

"ஓம். பெரிய கிறிங்கில் ஒண்டு. பாதாம் போட்டு வளைச்சுச் சுடுறதெல்லோ, அது. ஒருத்தருக்கும் வணக்கம்கூடச் சொல்லேல்லை. நேரை வந்து பெட்டியைத் திறந்து என்ர முன்னுக்கு வைச்சா. முதல் துண்டை வெட்டி எனக்குத்தான் தந்தா. பிறகுதான் இருந்து கதைச்சா. வேலி எண்டா, முகவரி எண்டா, தான்தான் கையெழுத்து வைச்சது எண்டா. கொம்யூனக்காரர் திருப்பித் திருப்பிக் கேட்டவர். அவ திருப்பித் திருப்பிச் சொன்னா. எனக்கு அதில அரைவாசி விளங்கேல்லை."

"பரவாயில்லை. நான் விளங்கப்படுத்திறன்."

"வேண்டாம் அண்ணை," என்றாள் ராஜி. அப்போதுதான் அழத் தொடங்கினாள். "அந்தப் பெட்டியைக் கண்ட உடனையே எனக்கு விளங்கிட்டுது. இந்த நாட்டில பிழை விட்ட ஆள்தானே கேக் கொண்டு வாறது? நான் ஒண்டும் கொண்டு போகேல்லை அண்ணை. நான் அமத்தேல்லை."